வைரவனின் பதினொரு பேத்திகள்

1

பால் பண்ணையில் வேலை என்று நான் எழுதியதை வைத்து, ஊரில் எல்லோரும் மாட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் இதுவரை திருத்தவில்லை. புங்குடுதீவான் ஒருவன் பிரான்சுக்குப் போய்ச் செம்மறியில் பால் கறக்கிறான் என்றால் சந்தியில் இருந்து சிரிக்க ஆட்கள் இருப்பார்கள் என்று தெரியும். இப்போது சந்தியில் இருந்து சிரிக்கவும் ஆட்கள் இல்லை. ஆகவே சொல்லிவிடுகிறேன். எட்டு வருடமாகக் காலை ஐந்து மணிக்கும் பின்னேரம் ஐந்து மணிக்கும் நான் கறப்பது செம்மறிகளை. அந்தப் பாலில் சீஸ் செய்கிறார்கள். நாற்றத்துக்கு முதல் மூன்று மாதமும் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டேன். இப்போது அது இல்லாமல் பாண் இறங்காது.

பரமேசும் சுகந்தியும் என்னிடம் வந்து இந்தக் கிழமையோடு இரண்டு வருடம். பரமேசு என் மனைவி, என் மாமாவின் மகள். சுகந்தி எங்கள் ஒரே பிள்ளை, பத்து வயது. அதற்காகப் புதன்கிழமை பாயசம் வைத்தோம். புதன்கிழமைகளில் இங்கே பள்ளிக்கூடம் இல்லை. பாயசம் இறக்குவதற்குள் விமானம் வந்தது.

போர் விமானங்கள் பழகுவதற்காக இந்த மலைப்பக்கம் தாழப் பறக்கும். சத்தம் பின்னால்தான் வரும். வந்தால் பட்டியின் தகரம் அதிரும். சத்தம் போன பிறகு பார்த்தால், சுகந்தி குட்டிகளுக்குப் பால் கொண்டுபோன வாளியை எறிந்துவிட்டு முற்றத்துச் சேற்றில் குப்புறக் கிடக்கிறாள். பரமேசு குசினி மேசைக்குக் கீழே, கையில் அகப்பையோடு. நான் கறவை அறைக் கதவுக்குப் பின்னால். மூன்று பேரும் எழும்பி வந்து ஆளையாள் பார்க்காமல் பாயசம் குடித்தோம். என் முதலாளி மார்செல் உழவு இயந்திரத்தில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார்.

"பிள்ளைக்கு இன்னும் நெஞ்சு இடிக்குது, தொட்டுப் பாருங்கோ" என்றாள் பரமேசு. பிறகு குரலைத் தாழ்த்தி, "நேர்ந்ததைக் குடுக்காமல் வைச்சிருக்கிறியள். அதுதான் இஞ்சையும் விடாமல் கலைக்குது" என்றாள்.

அவள் சொன்னது வைரவனைப் பற்றி. பட்டியின் கடைசித் தடுப்பில் நிற்கிற கிழட்டுச் செம்மறிக் கிடாய். அவனைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள். பண்ணைகளின் ஆட்டுக் கணக்கைப் பதிகிற கிளேர் வெள்ளிக்கிழமை வந்து அவனிடம் இரத்தம் எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். விமானத்தைவிட எனக்கு அதுதான் பயம்.

2

எண்பத்து மூன்றாம் ஆண்டு வரைக்கும் எனக்கும் ஆட்டுக்கும் சம்பந்தமில்லை. தெற்கில் ஒரு சிறு பட்டினத்தில் அண்ணையோடு கடை வைத்திருந்தேன். அந்த வருடக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடு தீவுக்கு வந்தவனுக்கு மாமா தன் மகளைக் கட்டிவைத்தார். சீதனத்தோடு சேர்ந்து ஐந்து ஆடும் இரண்டு செம்மறி மறிகளும் வந்தன. 'மறி' என்பது பெண்ணாடு. இது தெரியாத வேற்று ஊரவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துச் செம்மறி ஒரு குட்டிதான் போடும். இரண்டு போட்டால் தெருவே வந்து எட்டிப்பார்க்கும். மாமா அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். "கிடாயின்ரை கொம்பைப் பாராதை. தாயைப் பார். இரட்டை போட்ட தாயின்ரை கிடாயைத்தான் மறியளோடை விடவேணும்" என்பார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதும், அதிலேயே ஒரு பொறி இருந்தது என்பதும் இங்கே வந்தபின்தான் தெரிந்தது.

சுகந்திக்கு ஒரு வயது நிரம்புவதற்குள் நான் புறப்பட்டுவிட்டேன். பாரிசில் ஹோட்டல் குசினிகளில் சட்டி கழுவினேன். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. யாரோ ஒருவர் மூலம் இந்த மலைக்கு வந்து சேர்ந்தேன். மார்செலுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆள் தேவைப்பட்டது. அவர் கொடுத்த வேலைக் கடிதத்தில்தான் எனக்கு ஒரு வருட விசாக் காட் கிடைத்தது. அன்றிலிருந்து வருடம் தவறாமல் ஒவ்வொரு சனவரியும் அவர் கடிதம் தரவேண்டும். கடிதம் இல்லை என்றால் காட் இல்லை. நான் எதற்குப் பயந்து வாழ்கிறேன் என்று கேட்டால் இந்த ஒரு பேப்பரைத்தான் காட்டவேண்டும்.

முதல் மாரியில் ஒரு மறி நாலு குட்டி போட்டது. நான் கைதட்டாத குறை. மார்செல் முகத்தைச் சுளித்தார். அவர் பேசியதை எல்லாம் என் காதில் விழுந்த தமிழிலேயே எழுதுகிறேன். "மடிக்காம்பு ரண்டு. வாய் நாலு. இதிலை என்ன சந்தோஷம்?" என்றார். நாலில் மூன்று மறி, ஒன்று கிடாய். இங்கே கிடாய்க்குட்டிகளை ஒரு மாதத்தில் இறைச்சிக்கு ஏற்றிவிடுவார்கள்.

அதே கிழமை பரமேசின் கடிதம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஷெல் விழுந்து கிணற்றுக் கட்டு உடைந்துவிட்டது, பிள்ளை ஒரு முழு நாள் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாள். கடிதத்தை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு பட்டிக்குள் போய், அந்தக் கிடாய்க்குட்டியின் தலையில் கை வைத்து நேர்ந்தேன். எங்கள் ஊர் வைரவரே, இவர்கள் இரண்டு பேரையும் சேதமில்லாமல் என்னிடம் சேர்த்துவிடு, இவன் உனக்கு. ஊரில் வேள்வியில் வெட்ட நேர்வது ஆட்டுக்கிடாய். இது செம்மறி. அகதிக்குக் கிடைத்தது இதுதான், கோபிக்காதே என்றும் சொல்லிவைத்தேன்.

குட்டியை எனக்குத் தரச் சொல்லி மார்செலிடம் கேட்டேன். "என்னத்துக்கு?" என்றார். என் பிரெஞ்சில் வேள்வியை விளக்க ஏலாது. சாமிக்கு என்றேன். அவர் வீட்டுச் சுவரிலும் ஒரு சிலுவை இருக்கிறது. அதை ஒருதரம் பார்த்துவிட்டு, "சாமிக்கெண்டால் வைச்சிரு. ஆனால் காயடிச்சுப்போடு" என்றார். நேர்ந்த கிடாயில் ஊனம் இருக்கக்கூடாது என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். அப்படித்தான் வைரவன் முழுக்கிடாயாக வளர்ந்தான்.

3

வைரவனுக்கு அந்த வருடமே வேலை வந்தது. சினைப்படாத முப்பது மறிகள் மிஞ்சி நின்றன. வழக்கமாக வரும் கிடாய்க்குக் காலில் புண். "உன்ரை சாமியார் சும்மாதானே நிக்கிறார், விடு" என்றார் மார்செல்.

வைரவனின் மகள்மார் பிறந்து வளர்ந்து தாங்களும் குட்டி போடத் தொடங்கியபோது ஊர் அதிசயமாயிற்று. இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. ஒற்றைக் குட்டி போட்டவை அரிது. போத்தில் பால் பருக்கிப் பருக்கி என் விரல்கள் ஊறிப்போயின. மார்செல் வாயால் முறைப்பட்டாலும் அயல் பண்ணைக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார். பால் கூடுதலாகத் தந்தவையும் அவைதான்.

அப்போதுதான் கிளேர் முதல்முறை வந்தாள். பண்ணை பண்ணையாகப் போய் எந்த மறி எத்தனை குட்டி, எவ்வளவு பால், தகப்பன் யார் என்று பதிகிற பெண். காதில் குத்திய இலக்கங்களை மனப்பாடமாக வைத்திருப்பாள். அவள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது: குட்டிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் தீனியாலும் தாயின் வயதாலும்தான் மாறும். பால் மாதிரி இரத்தத்தில் அவ்வளவாக இறங்காது. அதனால் இரட்டை போட்டவளின் மகள் ஒற்றை போடுவது சாதாரணம். ஆனால் எங்கோ சில குடும்பங்களில் மட்டும் ஏதோ ஒன்று முழுதாக இறங்குகிறது. இந்தக் கிடாயின் தாயிடம் அது இருந்திருக்க வேண்டும்.

"தாயைப் பார் எண்டு மாமா சொன்னது இதைத்தான்" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மாமா இருந்திருந்தால் அவளுக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்திருப்பார்.

போகும்போது கிளேர் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னாள். இந்தக் கிடாயை அவன் மகள்மாரோடு மட்டும் விடாதே. இரத்தம் இரத்தத்தோடு சேரக்கூடாது. பட்டியில் நிற்பவன் நீ, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் ஓம் என்று தலையாட்டினேன். அன்றே வைரவனைத் தனித் தடுப்பில் அடைத்தேன். மகள்மாருக்கு இரவலாக ஒரு கிடாய் ஒவ்வொரு வருடமும் வெளியில் இருந்து வந்து போனது.

4

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கிய பின் மூன்று மாதம் கடிதம் இல்லை. தீவுப்பகுதிக்குள் ஆமி வந்துவிட்டது என்று பாரிசில் இருந்து ஒருவர் ரெலிபோனில் சொன்னார். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அவருக்கும் தெரியாது. அந்த நாட்களில் தபால்காரியின் மஞ்சள் வான் வளைவில் திரும்பும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

மார்செல் இடுப்பு எலும்புச் சத்திரசிகிச்சைக்காக எட்டு நாள் ஆசுப்பத்திரிக்குப் போயிருந்தார். பண்ணையில் நான் மட்டும். இரண்டாம் நாள் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து பரமேசு எழுதியிருந்தாள். உயிரோடு இருக்கிறார்கள். அதை வாசித்ததும் வைக்கோல் கட்டின் மேல் இருந்துவிட்டேன். மிச்சத்தைப் பிறகுதான் வாசித்தேன்.

'ஆமி வருகுது, விடியப் புறப்படுங்கோ எண்டு சொன்னவை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலணைப் பாலத்தாலை நடந்து வந்தனாங்கள். நான் ஆடுகள் எல்லாத்தையும் அவிட்டுவிட்டுத்தான் வந்தனான். பக்கத்து வீட்டுச் சனம் அவிட்டுவிட மறந்து போச்சுதுகள். பிந்தி வந்த ஆக்கள் சொல்லிச்சினம், கட்டின ஆடுகள் ரண்டு நாளாக் கத்திக்கொண்டே இருந்ததாம். பிறகு சத்தம் இல்லையாம். இஞ்சை படுத்தாலும் எனக்கு அந்தச் சத்தம் கேக்குது. சுகந்திக்கும் கேக்குதாம்.'

கடிதத்தை மடிக்கும்போது தனித் தடுப்பில் வைரவன் கத்தினான். மறிகள் பருவத்துக்கு வந்திருக்கிற காலத்தில் கிடாய் கத்துவது வழமைதான். அன்றைக்கு என்னால் அதைக் கேட்க ஏலாமல் இருந்தது. பரமேசும் பிள்ளையும் உயிரோடு இருப்பதற்காக நேர்ந்த கிடாய், அடைபட்டுக் கிடந்து கத்துகிறது. ஓடிப்போய்த் தடுப்பைத் திறந்துவிட்டேன்.

அவன் நேரே போனது தன் மகள்மார் மேய்ந்த புல்வெளிக்கு. திறந்திருந்த வாசல் அது ஒன்றுதான். எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். கிளேரின் விரல் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆனால் பிடித்து அடைக்கப் போனபோதெல்லாம் அவன் கத்தினான், நான் கையை எடுத்தேன். மார்செல் வருவதற்கு முதல்நாள்தான் அடைத்தேன். அடுத்த நாள் இரவல் கிடாய் வந்து இறங்கியது. எட்டு நாளாக மார்செல் இல்லாதபடியால் கண்டவர் யாரும் இல்லை.

குட்டிகள் ஒரு கிழமை முந்திப் பிறந்தன. "ரண்டும் மூண்டும் எண்டால் முந்தித்தான் வரும்" என்று மார்செலே எனக்காகக் காரணம் சொன்னார். கொப்பியில் தகப்பன் என்ற இடத்தில் இரவல் கிடாயின் இலக்கத்தை எழுதினார். நான் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

5

அந்தக் குட்டிகளில் இருபத்திரண்டு மறிகளை மார்செல் வளர்த்தெடுத்தார். நல்ல எடுப்பான ஆடுகள். முதல் வருடம் பதினொன்று இரட்டை இரட்டையாகப் போட்டன. மற்றப் பதினொன்றும் ஒன்றும் போடவில்லை. இளசுகள்தானே என்று இன்னொரு வருடம் பார்த்தார். இரண்டாம் முறையும் வெறும் வயிறு. ஒன்றுகூடத் தப்பவில்லை, நெல்லும் பதரும் போல் சரிபாதி.

தொண்ணூற்று மூன்று தொடக்கத்தில் அது தெரிந்தது. அதே மாதம்தான் பரமேசையும் சுகந்தியையும் கூப்பிடுவதற்கான விண்ணப்பம் அரசாங்கக் காரியாலயத்தில் இருந்து திரும்பி வந்தது. வீடு இருக்கிறது, வேலை நிரந்தரம் என்று மார்செல் எழுதிக் கையொப்பம் வைத்த கடிதம் ஒன்று குறைவு என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். கடிதத்தைக் கேட்பதா, உண்மையைச் சொல்வதா? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குப் பட்டி, முற்றம், குசினி எல்லாமே வழியாகப் போயிற்று.

கிளேர் வந்து கொப்பியைப் புரட்டினாள். இரவல் கிடாயின் மகள்மார் மற்றப் பண்ணைகளில் நன்றாகவே குட்டி போடுகிறார்கள் என்றாள். அப்படியென்றால் பிழை தாய்வழியில். மார்செல் கொப்பியை மூடினார். அந்தத் தாய்வழி அவருடைய தகப்பன் தேர்ந்து தேர்ந்து சேர்த்த மந்தை. "என்ரை அப்பர் பிழை விட்டிட்டார் போலை. நானும் அதைக் காணாமல் வளர்த்திட்டன்" என்றார். கிளேர் என்னைப் பார்த்து, "உங்கள் கிடாய் தடுப்பிலேயேதானே இருந்தது?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன்.

இறைச்சிக்காரனின் லொறி வந்தது. பதினொரு மலட்டு மறிகளும் ஏறின. பிழையான இரத்தம் என்று அவற்றின் தாய்மாரையும் சகோதரிகளையும் மார்செல் ஏற்றச் சொன்னார். அவற்றில் சில என் கையில் போத்தில் பால் குடித்து வளர்ந்தவை. பெயரைச் சொன்னால் வரும். ஏற மறுத்தவற்றை நானே பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றினேன்.

லொறி போன பிறகு மார்செல் குசினிக் கதிரையில் இருந்து என் கடிதத்தை எழுதினார். கையொப்பம் வைத்து என்னிடம் நீட்டும்போது, "ஒரு பட்டி வெறுமையாப் போச்சு. உன்ரை வீடெண்டாலும் நிறையட்டும்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. நன்றியால் என்று அவர் நினைத்திருப்பார். வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். அந்த மூடின வாயில்தான் பரமேசும் சுகந்தியும் அவ்வருட இலையுதிர் காலத்தில் வந்து இறங்கினார்கள். நேர்த்தி பலித்தது. ஆனால் வைரவனை நான் கொடுக்கவில்லை. ஒன்று நேர்ந்தேன், முப்பத்துச் சொச்சம் போயிற்று. இன்னும் ஒன்றா என்று மனம் வரவில்லை.

6

சுகந்தி இரண்டு வருடத்தில் இந்த ஊர்ப் பிள்ளையாகிவிட்டாள். விமானச் சத்தம் கேட்டால் மட்டும் எங்கள் பிள்ளை. எண்ணுவது பிரெஞ்சில், கோபிப்பது பிரெஞ்சில். ஆட்டிறைச்சிக் கறி வைத்தால் கோப்பையைத் தள்ளிவிடுகிறாள். தமிழில் எழுதச் சொன்னால் பாதி எழுத்து மறந்துபோயிற்று என்கிறாள். ஆனால் பேசுவது இன்னும் தாயின் தமிழ்தான். பண்ணைக்கு வெளியே எனக்கு அவள்தான் நாக்கு. காரியாலயத்தில், ஆசுப்பத்திரியில், வங்கியில் அவள் முன்னால் போவாள், நான் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு போவேன். தகப்பனுக்கு என்ன வருத்தம் என்று பிள்ளை சொல்ல, வைத்தியர் பிள்ளையிடம் மருந்தைச் சொல்கிற நாடு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளேர் வந்தாள். அதற்கு முதல்நாள் இரவுச் செய்தியில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் தெருவில் இறங்கி நடக்கிறது என்று கேட்டிருந்தோம். பரமேசின் தங்கச்சி குடும்பமும் அதற்குள் எங்கோ நடக்கிறது. பரமேசு சாப்பிடவில்லை. "இப்பவெண்டாலும் அந்தக் கிடாயைக் குடுத்துவிடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மார்செலின் குசினி மேசையைச் சுற்றி நாங்கள் நாலு பேர். மார்செல், கிளேர், நான், என் பக்கத்தில் சுகந்தி. கிளேர் மெல்லமாகத்தான் பேசினாள். இருந்தும் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. சுகந்தி சொன்னாள்.

"அப்பா, வேறை ஒரு நாட்டிலை வேறை சாதிச் செம்மறியிலை இப்பிடி ஒண்டு கண்டவையாம். தாயிட்டை இருந்து மகனுக்கு வருமாம். மகனிட்டை இருந்து அவன்ரை எல்லா மகள்மாருக்கும் போகுமாம். ஒரு பங்கு வந்தால் ரண்டு குட்டி, மூண்டு குட்டி. தாய்ப்பக்கம் ஒண்டு, தேப்பன் பக்கம் ஒண்டு எண்டு ரண்டு பங்கும் வந்தால் ஒரு குட்டியும் இல்லையாம். ஒருநாளும் இல்லையாம். வைரவனிட்டை அது இருக்கோ எண்டு பாக்கத்தான் இரத்தம் எடுக்கினமாம்."

அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஆடு மறந்துபோயிற்று. நானும் பரமேசும் ஒரே இரத்தம். பயத்திலும் அப்படித்தான். ஒரு பங்கு பயம் இருந்தபடியால்தான் நான் எண்பத்து மூன்றில் பின்கதவால் ஓடித் தப்பினேன். அவள் விடியமுதல் பாலத்தால் நடந்தாள். ஆனால் இந்தப் பிள்ளைக்கு இரண்டு பக்கத்தாலும் வந்திருக்கிறதே, சேற்றில் குப்புறக் கிடக்கிறாளே என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

கிளேர் கொப்பியைத் திறந்து அந்தப் பதினொரு இலக்கங்களையும் விரலால் தொட்டாள். சுகந்தி மொழிபெயர்த்தாள். "இந்தப் பதினொண்டுக்கும் தேப்பன் வைரவனா இருந்தால் கணக்குச் சரியாம். சரிபாதி வந்தது அதாலைதானாம். ஆனால் புத்தகத்திலை வேறை கிடாய் எண்டு கிடக்குதாம். அதுதான் விளங்கேல்லையாம்."

மார்செல் தலையை ஆட்டினார். இல்லை, அது என் தகப்பனின் ஆடுகளில் வந்த பிழை என்றார். அது எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. இரண்டு வருடமாக அவர் அதைச் சொல்லிச் சொல்லி நான் பாடமாக்கிவிட்டேன்.

சனவரிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. இப்போது அந்த ஒரு கடிதத்தில்தான் மூன்று பேரின் காட். சொல்வதற்குப் பிரெஞ்சுச் சொற்களைத் தேடினேன். பட்டி, புல், தடுப்பு, கிடாய் எல்லாம் இருந்தன. ஏன் என்பதற்குச் சொல் இல்லை.

"சுகந்தி, நான் சொல்லுறதை அப்பிடியே அவருக்குச் சொல்லு" என்றேன். "அவர் ஆசுப்பத்திரியிலை இருந்த நேரம் வைரவனைத் திறந்துவிட்டது நான்தான். அந்தப் பதினொண்டும் அவனுக்குப் பேத்தியள் மட்டுமில்லை, மகள்மாரும்தான். தெரிஞ்சுகொண்டும் சொல்லேல்லை. கடிதம் தரமாட்டார் எண்டு பயந்து சொல்லேல்லை."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உண்மையாவோ அப்பா?"

"ஓம்."

"ஏன் திறந்தனீங்கள்?"

"அம்மா எழுதின கடிதம் வந்தது. கட்டின ஆடுகள் கத்தினதெண்டு."

அந்தச் சத்தம் அவளுக்கும் தெரியும். அவள் மார்செலின் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினாள். நான் சொன்னதைவிட நீளமாகப் பேசினாள். கையைக் காட்டி எதையோ அவிழ்ப்பது போலவும், ஒரு பிள்ளையைத் தோளில் தூக்குவது போலவும் செய்தாள். ஒருமுறை என் பெயரைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பது போல் நிமிர்ந்து இருந்து சொன்னாள். கிளேர் பேனையைக் கீழே வைத்துவிட்டாள்.

மார்செல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுகந்தியிடம் ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் பதில் சொன்னாள். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிறகு அவர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து இரவல் கிடாயின் இலக்கத்தைப் பதினொரு இடத்திலும் கோடு போட்டு வெட்டினார். அந்தப் பெயரை எழுத அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. கொப்பியையும் பேனையையும் சுகந்தியிடம் தள்ளினார். அவள் தன் குண்டு குண்டான பிரெஞ்சு எழுத்தில், தகப்பன் என்ற இடத்தில், வைரவன், வைரவன் என்று பதினொரு தரம் எழுதினாள்.

என்னைப் பார்த்து மார்செல் சொன்னது ஒன்றுதான். "காலமை அஞ்சு மணி." அது வழமையாகச் சொல்வது. அதில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று இந்தக் குறிப்பை எழுதும்வரைக்கும் எனக்குத் தெரியாது. சனவரியில் தெரியும்.

முற்றத்தைக் கடந்து வீட்டுக்கு வரும்போது சேறு வழுக்கியது. சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விழாமல் இருப்பதற்காகத்தான் பிடித்தாள் என்று நினைக்கிறேன்.

"அவர் என்ன கேட்டவர் பிள்ளை? கடிதத்தைப் பற்றியோ?"

"இல்லை. தன்ரை அப்பாவின்ரை ஆடுகளிலை பிழையில்லையோ எண்டு கேட்டவர். பிழை இல்லை எண்டு சொன்னனான்."

"பிறகு?"

"இன்னொருக்கால் சொல்லச் சொன்னவர். சொன்னனான்."